தாய்மாமன் வருவதற்குள் காது குத்தியாகிவிட்டது

வாசகர் கேள்வி:

வணக்கம் மேடம். வயது 41. சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று வருஷம் முன்பு சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் நடக்க ஆரம்பித்தேன், அது ஓட்டமாகி, இப்போது ஹாஃப் மாரத்தான் (21 கி.மீ.) 1 மணி 58 நிமிடத்தில் ஓடுகிறேன். ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தானுக்கு (42 கி.மீ.) பணம் கட்டிவிட்டேன், 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது இலக்கு. வாரத்தில் ஆறு நாள், மொத்தம் 70 கி.மீ., கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 45 விநாடி வேகம். தீபாவளி ஆர்டர் என்பதால் பட்டறை மூட இரவு பத்தரை ஆகிறது, காலை 3.45க்கு எழுந்துவிடுவேன். ஞாயிறு நண்பர்களோடு அடிவாரத்திலிருந்து ஏற்காடு ரோட்டில் பாதி மலை ஏறி இறங்குவோம், 24 கி.மீ. வீட்டுக்கு வரப் பத்தரை, சாப்பிட்டுப் படுத்தால் மதியம் 2 மணி.

மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மகள் பத்தாவது, 4.30க்கே எழுந்து படிப்பாள், என்னோடு பேச்சு குறைந்துவிட்டது. மகன் இரண்டாவது. அம்மா எங்களோடு இருக்கிறார், மூட்டுவலி. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை மகளுக்குக் காதுகுத்து. ஓடி முடித்து நேராகப் போய்விடலாம் என்று நினைத்தேன். மலையை விட்டு இறங்கவே நேரமாகி, மேச்சேரிப் பக்கம் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்து, பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். ஓமலூரில்தான் இருக்கிறாள், தங்கை இன்னும் பேசவில்லை.

உடம்புக்காகத்தான் ஓடுகிறேன் என்றால் யாருக்கும் புரியவில்லை. நான் குடிக்கிறேனா, சீட்டாடுகிறேனா? மனைவி, தனக்கு நடக்கக்கூட நேரமில்லை என்கிறாள். ஓட்டத்தையும் வீட்டையும் எப்படிச் சமாளிப்பது?

பி.கு.: வலது காலில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, உள்பக்க எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலி. மூன்று வாரமாக. ஓட ஆரம்பித்தால் மறந்துபோகிறது, முடித்த பிறகு வலிக்கிறது. ஐஸ் வைக்கிறேன்.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தைக் கீழிருந்து மேலாகத்தான் படிக்க வேண்டியிருந்தது. சேலத்தில் பிசியோதெரபிஸ்டாக இருபது வருஷம் ஓட்டியாகிவிட்டது, அதில் பாதிக்கு மேல் ஓடுகிறவர்களின் கால்களோடுதான். இவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. அரை மணி நேரம் ஷூவைப் பற்றியும் வாட்ச்சைப் பற்றியும் பேசிவிட்டு, கிளம்பிக் கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான், "அப்புறம் மேடம், இங்க லேசா ஒரு வலி" என்பார்கள். நீங்கள் அதைப் பி.கு.வில் எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் முதலில் கால். கால் எலும்பின் உள்பக்கம் நாலைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ், எலும்பை ஒட்டிய சவ்வும் தசையும் படுகிற பாடு, ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். நீங்கள் சொல்வது அப்படி இல்லை. ஒரே இடம், ஒரு விரல் நுனி, மூன்று வாரம். இது எலும்பிலேயே ஆரம்பித்திருக்கும் அழுத்தக் காயமாக இருக்கலாம், விட்டால் விரிசலாகும். கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஒரு எலும்பு மருத்துவர் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். போகும்போது இதைத் தெரிந்துகொண்டு போங்கள்: ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடத் தெரியாமல் போவதுண்டு, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். எக்ஸ்ரே நார்மல் என்று அந்தக் கவரை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டே ஓடி, கடைசியில் கட்டுப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். இப்போது நிறுத்தினால் சாதாரணமாக ஆறிலிருந்து எட்டு வாரத்தில் திரும்ப ஓடலாம். நிறுத்தாவிட்டால் என்ன கணக்கு என்று சொல்ல எனக்கே மனமில்லை.

பரிசோதனை முடியும்வரை ஓட்டம் வேண்டாம். ஐஸ் வைத்துவிட்டு ஓடுவதும் வேண்டாம். ஐஸ் வலியை அமுக்கும், எலும்பை ஒட்டவைக்காது. அந்த எலும்பு ஏன் தாங்கவில்லை என்பதற்கான பதிலும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பட்டறை மூட பத்தரை, எழுவது 3.45, நடுவில் குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் தூக்கம் ஐந்து மணி நேரம்கூடத் தேறாது. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். ஓட்டம் எலும்பிலும் தசையிலும் சின்னச் சின்னச் சேதம் செய்கிறது, அதைப் பழுது பார்த்து முன்பைவிடக் கெட்டியாக்குவது ஓய்வும் சாப்பாடும்தான். நீங்கள் உடைக்கிற வேலையை வாரத்தில் ஆறு நாள் செய்கிறீர்கள், ஒட்டுகிற வேலைக்கு ஆளே போடவில்லை. பட்டறை நடத்துகிறவருக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது வீட்டுக்கு வருவோம்.

"நான் குடிக்கிறேனா, சீட்டாடுகிறேனா?" இந்த வாக்கியத்தைக் கேட்காமல் எனக்கு ஒரு மாதம் போனதில்லை. யோசித்துப் பாருங்கள் தம்பி. குடிக்கிறவனோடு சண்டை போடுகிற மனைவிக்கு ஊரே துணைக்கு வரும், மாமியார்கூட வருவார். ஓடுகிறவனோடு சண்டை போடுகிறவள் தனி ஆள். "நல்ல பழக்கம்தானே, விடும்மா" என்று அவள் வாயைத்தான் எல்லோரும் அடைப்பார்கள். உங்கள் மனைவி இன்னும் சண்டை போடுகிறார் என்றால் அவர் அந்தத் தனிமையைத் தாண்டியும் பேசுகிறார் என்று அர்த்தம். எனக்கு அது நல்ல அறிகுறியாகத்தான் படுகிறது, பேசுவதை நிறுத்திவிட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்த "உடம்புக்காகத்தான் ஓடுகிறேன்". இதில்தான் எனக்கும் உங்களுக்கும் தகராறு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, இல்லாவிட்டால் 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. நீங்கள் வாரத்துக்கு ஏழு மணி நேரம் ஓடுகிறீர்கள். திங்களும் செவ்வாயும் ஓடுவதிலேயே சர்க்கரைக்கு வேண்டியது ஏறக்குறைய முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு ஞாயிறு வரை ஓடுவது சர்க்கரைக்காக இல்லை, உங்களுக்குப் பிடித்திருப்பதால் ஓடுகிறீர்கள். இருட்டில் ரோடு காலியாக இருக்கிறது, யாரும் ஆர்டர் கேட்டு போன் பண்ணுவதில்லை, மூச்சு மட்டும் கேட்கிறது, ஒவ்வொரு மாதமும் நேரம் குறைகிறது. 41 வயதில் ஒரு மனுஷனுக்கு வேறு எதில் முன்னேற்றம் இவ்வளவு தெளிவாக, எண்ணாகக் கண்ணுக்குத் தெரிகிறது? இதெல்லாம் எனக்கும் தெரியும், நானும் ஓடுகிறவள்தான். அது ஒரு ஆசை. ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. அதற்கு மருந்து என்று பெயர் வைத்ததுதான் தப்பு. மருந்தோடு யாராலும் பேரம் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை விட்டுவிடுங்கள் என்று எந்த மனைவி சொல்வாள்? நீங்கள் அந்தச் சொல்லை எடுக்கும்போதெல்லாம் அவர் கையில் பதில் இல்லாமல் போகிறது, பதில் இல்லாத கோபம் அடுப்படியிலோ பிள்ளையின் ஹோம்வொர்க்கிலோ வந்து விழுகிறது.

"எனக்கு இந்த மாரத்தான் ஒரு ஆசை. அதுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை வேணும். உனக்கு என்ன வேணும்?" இதைச் சொல்லிப் பாருங்கள். ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொல்லாதீர்கள், பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்த ஒரு நாள் உட்கார்ந்து சொல்லுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, பரவாயில்லை, இப்போதாவது கேளுங்கள். அவர் "வேண்டாம்" என்றும் சொல்லலாம், அதற்கு இடம் வைத்துக் கேட்டால்தான் அது கேள்வி.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. 24 கி.மீ., பாதி மலை, எப்படியும் மூன்று மணி நேர ஓட்டம். ஆனால் சிவதாபுரத்திலிருந்து ஊரைக் கடந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போக வேண்டும், அங்கே இன்னும் வராத ரெண்டு பேருக்காக நிற்க வேண்டும். இறங்கிய பிறகு போட்டோ, இளநீர், ஒரு கடையில் உட்கார்ந்து பொங்கல், போன வாரம் யார் எவ்வளவு ஓடினார் என்ற பேச்சு. வீட்டுக்கு வரப் பத்தரை. பிறகு 2 மணி வரை தூக்கம். மூன்று மணி நேர ஓட்டத்துக்கு வீட்டிலிருந்து பத்து மணி நேரம் எடுத்துவிட்டீர்கள். வீட்டில் சண்டை அந்த மூன்றுக்கு இல்லை, மீதி ஏழுக்கு.

அந்த மூன்றரை மணி நேர மதியத் தூக்கத்துக்கு மலைதான் பெரிய காரணம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆளைச் சாய்க்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையை பிரேக் மாதிரி பிடித்து நிறுத்த வேண்டும், அப்படி வேலை செய்யும்போது தசை நார்கள் சாதாரண ஓட்டத்தைவிட அதிகம் கிழிபடும். மறுநாளும் அதற்கு மறுநாளும் மாடிப்படி இறங்கும்போது முகம் சுளிக்கிறீர்களே, அது இதனால்தான். ஒவ்வொரு இறக்க அடியும் அந்தக் கால் எலும்புக்கும் கூடுதல் இடி. சரி, இவ்வளவும் எதற்கு? சென்னை கடல் மட்டத்தில் இருக்கிற தட்டையான ஊர். அங்கே உங்களுக்குச் சவால் ஈரக்காற்றும், முப்பது கிலோமீட்டருக்குப் பிறகு வருகிற சோர்வும். 1,500 மீட்டர் உயர ஏற்காட்டுக்குப் போகிற வளைவுகளில் பாதியை ஞாயிறு தவறாமல் ஏறி இறங்குவது அதற்கான தயாரிப்பே இல்லை. மலை ஓட்டப் பந்தயத்துக்குப் போகிறீர்கள் என்றால் வேறு கதை. இருட்டில் காட்டெருமை எந்த வளைவில் நிற்கிறது என்று தெரியாது, வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் பனிமூட்டமும் சரிகிற மண்ணும் வேறு, விடிந்தபிறகு சுற்றுலா வண்டிகள். எனக்கு அந்த ரோடு உயிர். ஆனாலும் மாதத்துக்கு ஒரு முறை போதும் என்றுதான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

கால் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, லாங் ரன்னை, அதாவது அந்த ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை, வீட்டு வாசலிலிருந்தே ஆரம்பியுங்கள். இரும்பாலைப் பக்கம் போய்த் திரும்பினால் தட்டையான ரோடு, நாலரைக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் வீடு. மகன் எழுந்து பல் தேய்க்கிற நேரம். தட்டை ரோடு என்பதால் மதியம் அரை மணி நேரம் கண் அசந்தால் போதும். நண்பர்களை மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் பாருங்கள். குழுவில் கிண்டல் பண்ணுவார்கள், பண்ணட்டும், அவர்கள் யாரும் உங்கள் தங்கை வீட்டுக்குச் சமாதானம் பேச வரப்போவதில்லை.

வார நாள் ஓட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தினமும் 5.45 என்கிறீர்கள். உங்கள் ஹாஃப் மாரத்தான் வேகமே கிலோமீட்டருக்கு 5.35 சொச்சம். அதாவது தினமும் பந்தய வேகத்தைவிடப் பத்து விநாடி மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். சாம்பாரும் இல்லை ரசமும் இல்லை என்கிற மாதிரி, வேகப் பயிற்சி என்று சொல்ல மெதுவாகவும், ஈஸி ரன் என்று சொல்ல வேகமாகவும் இருக்கிற இந்த நடுவாந்திரம்தான் ஆளை அரித்துவிடும். ஈஸி ரன் என்றால் உங்களுக்குக் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்துக்கும் ஏழுக்கும் நடுவில், பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். அப்படி ஓடிவிட்டுப் பட்டறைக்குப் போனால் மதியம் தலை கனக்காது, சாயந்திரம் யார்மேலும் எரிந்துவிழ மாட்டீர்கள். வாரத்தில் நான்கு நாள் போதும். ஒரு நாள் வேகம், ஒரு நாள் நீளம், இரண்டு நாள் ஈஸி.

நாலு நாளாகக் குறைத்தால் பழகியதெல்லாம் போய்விடுமே என்று பயப்படுவீர்கள், எல்லோரும் பயப்படுகிறார்கள். 1980களில் அமெரிக்காவில் ஹிக்சன் என்கிற ஆய்வாளரும் அவருடைய குழுவும் இதைத்தான் சோதித்தார்கள். பத்து வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி கொடுத்து, பிறகு சிலருக்கு நான்கு நாளாக, சிலருக்கு இரண்டே நாளாகக் குறைத்து 15 வாரம் பார்த்தார்கள். உடம்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் உச்ச அளவு அப்படியே நின்றது. நாட்களைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் குறைத்துப் பார்த்தபோதும் அந்த அளவு இறங்கவில்லை, 13 நிமிடமாக ஒரேயடியாகக் குறைத்தவர்களுக்கு மட்டும் நீண்ட நேரம் தாங்குகிற சக்தி சற்றுக் குறைந்தது. பயிற்சியின் கடுமையைக் குறைத்தபோதுதான் அந்த உச்ச அளவும் சரிந்தது. இதிலிருந்து நமக்கு வேண்டியது: தீபாவளி வரைக்கும் உங்களுக்குப் பட்டறைதான் மாரத்தான், அதுவரை மூன்று நாள் ஓடினாலும் ஒரு நாள் வேகமும் ஒரு நாள் ஓரளவு நீளமும் இருந்தால் கையில் இருப்பது எங்கேயும் போகாது. தீபாவளிக்கு அப்புறம் ஒன்பது பத்து வாரம் கிடைக்கிறது, அதில் லாங் ரன்னை மூன்று வாரம் கூட்டி ஒரு வாரம் குறைத்து முப்பது கிலோமீட்டர் வரை கொண்டுபோகலாம்.

ஆனால் 4 மணி நேரம் இந்த ஜனவரியில் வராது, மனசு கஷ்டப்பட்டாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹாஃப் நேரத்தை இரண்டால் பெருக்கிப் பத்திலிருந்து இருபது நிமிடம் கூட்டுவது ஓடுகிறவர்களின் கைக்கணக்கு. உங்களுக்கு அது 4.06லிருந்து 4.16 வரை வருகிறது, அதுவும் கால் சரியாக இருந்து எல்லாம் ஒழுங்காக நடந்தால். ஹாஃபில் 1.55 வந்த பிறகு அந்த நாலை நினைக்கலாம், அடுத்த வருஷம் ஆகட்டும். கால் எலும்பில் ஏதாவது இருந்தால் முழு மாரத்தானையே தள்ளிப்போட வேண்டியிருக்கும், அதற்கும் மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று வாட்ச்சைத் தவிர வேறு யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை.

வேலைக்குப் போய்க்கொண்டே ஓட முடியாது என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் யூகி கவாவுச்சி என்று ஒருவர், அப்போது சைதாமா மாகாண அரசின் முழுநேர ஊழியராக இருந்தவர், பள்ளி அலுவலக வேலை. மற்ற பெரிய ஓட்டக்காரர்கள் நாளுக்கு இரண்டு முறை பயிற்சி செய்ய, இவர் வேலை நேரம் காரணமாகப் பெரும்பாலும் ஒரு முறைதான் ஓடினார். அவர்தான் 2018இல் கொட்டுகிற மழையிலும் எதிர்க்காற்றிலும் பாஸ்டன் மாரத்தானை ஜெயித்தார். என் ஆட்களுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் அடுத்த வாரமே யாராவது ஒருவருடைய மனைவி எனக்கு போன் பண்ணுவார்.

இப்போது உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியாக வந்து போகிற விஷயம். "மனைவி, தனக்கு நடக்கக்கூட நேரமில்லை என்கிறாள்." அவர் சொன்னதில் இதுதான் முக்கியமானது, நீங்கள் அதைக் குறையாக எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நீங்கள் 3.45க்கு எழுந்து போக முடிகிறதென்றால், அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்பதால்தான். சமையல், மகனை எழுப்பிக் கிளப்புவது, அம்மாவுக்கு மாத்திரை, மகளுக்கு டீ, பிறகு அவரும் பள்ளிக்கு ஓட வேண்டும். அதற்கு வாட்ச் இல்லை, கிலோமீட்டர் கணக்கும் இல்லை.

என் கதை ஒன்று சொல்கிறேன். பல வருஷம் முன்பு மாமனார் திதியும் என்னுடைய 16 கிலோமீட்டர் லாங் ரன்னும் ஒரே நாளில் வந்தன. ராத்திரி 1 மணிக்கு எழுந்து அத்தனை சமையலையும் முடித்து மூடி வைத்துவிட்டு, நாலு மணிக்குப் போய் ஓடி, ஆறரைக்கு வந்து குளித்துப் பரிமாற நின்றேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கோ ஒரே பெருமை, பார்த்தாயா இரண்டையும் சமாளித்துவிட்டேன் என்று. இரண்டு மாதம் கழித்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கியது, ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் எட்டு, உடம்பில் இரும்புச் சத்து துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஓடுகிற பெண்களிடம் யாரும் சண்டைக்கு வராததன் ரகசியம் இதுதான் தம்பி, நாங்கள் ஓட்டத்தின் செலவைத் தூக்கத்திலும் ரத்தத்திலும் நாங்களே கட்டிவிட்டுத்தான் வாசல் தாண்டுகிறோம். அது சரியான வழி என்று நான் சொல்லவில்லை, எனக்கே அது புரிய எட்டு வருஷம் ஆனது. ஆனால் உங்கள் ஓட்டத்தின் செலவு யார் கணக்கில் ஏறுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

ஆறு நாள் நான்கு நாளானால் இரண்டு காலை மிச்சம். அந்த இரண்டையும் அவருக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுப்பது என்றால், நீங்கள் வீட்டில் இருந்து அடுப்பையும் பிள்ளைகளையும் பார்ப்பது, "சாம்பார் பொடி எங்கே" என்று அவரை எழுப்பாமல் பார்ப்பது. அந்த நேரத்தில் அவர் நடக்கலாம், தூங்கலாம், சும்மா மொட்டைமாடியில் நிற்கலாம். தயவுசெய்து அவருக்கு ஷூ வாங்கிக்கொடுத்து ட்ரெயினிங் பிளான் போட்டுத் தராதீர்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குடும்பத்தோடு நேரம் செலவழிக்கிறேன் என்று மனைவி பிள்ளைகளை விடியற்காலை பந்தய இடத்துக்கு இழுத்துப்போய், பையைக் கையில் கொடுத்து, வெயிலில் மூன்று மணி நேரம் நிற்கவைத்து, கடைசியில் மெடலோடு போட்டோ எடுக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்தப் போட்டோவில் யார் முகத்தில் சிரிப்பு இருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

அம்மாவின் மூட்டுவலிக்கு ஒரு நாள் நீங்களே அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மருமகள் லீவு போட்டுக் கூட்டி வர வேண்டாம்.

மகள் விஷயம் சுலபம் என்று சொல்லமாட்டேன், பத்தாவது படிக்கிற பெண்ணிடம் அப்பா உட்கார்ந்து பேச வேண்டும் என்று நினைத்தாலே அது அட்வைஸாக மாறிவிடும். ஆனால் அவள் 4.30க்கு எழுகிறாள் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அதே நேரத்தில் நீங்களும் விழித்திருக்கிறீர்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் அந்த இருட்டில் எழுந்திருக்கிறீர்கள், ஒருவர் புத்தகத்துக்கு, ஒருவர் ரோட்டுக்கு. வீட்டில் இருக்கிற அந்த இரண்டு நாளும் டீ போட்டு அவள் மேஜையில் வைத்துவிட்டு, நீங்கள் ஒரு ஓரமாக உட்கார்ந்து பட்டறைக் கணக்கைப் பாருங்கள். எத்தனை மார்க், எந்தப் பாடம் என்று கேட்காதீர்கள். சில வாரம் ஒன்றும் நடக்காது. பொறுத்திருங்கள், லாங் ரன் ஓடுகிறவருக்குப் பொறுமையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாகத் தங்கை. காதுகுத்துக்குத் தாமதமாவது கல்யாணத்துக்குத் தாமதமாவது மாதிரி இல்லை, கல்யாணத்தில் பந்திக்கு வந்து சேர்ந்தாலும் சமாளித்துவிடலாம். இங்கே அந்தக் குழந்தை உட்கார வேண்டிய இடமே உங்கள் மடி. தட்டு, சீர், சொந்தக்காரர்கள் எல்லாம் தயாராக இருக்க, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்க, "உங்கண்ணன் எங்கம்மா" என்று மாமியார் வீட்டு ஆட்கள் பத்து பேர் கேட்டிருப்பார்கள், அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு கோயில் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். ஓட்டத்தின்போது உங்கள் போன் எங்கே இருந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதாதீர்கள், எழுதியிருந்தால் இனி எழுதாதீர்கள். நேரில் போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு, பிள்ளைக்குச் செய்ய வேண்டியதை எடுத்துக்கொண்டு. உங்கள் பட்டறையில் உங்கள் கையாலேயே செய்த ஒரு ஜோடி கொலுசு இருந்தால் இன்னும் நல்லது. "மலையில லேட் ஆயிடுச்சு" என்று ஆரம்பிக்காதீர்கள், மலையைப் பற்றிய பேச்சே வேண்டாம், "தப்பு பண்ணிட்டேன்மா" என்பதோடு நிறுத்துங்கள். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளைக்கே டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். ரிப்போர்ட் வரும்வரை ஷூ அலமாரியிலேயே இருக்கட்டும். எப்படியும் இந்த ஞாயிறு நீங்கள் ஓடப்போவதில்லை, காலை முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. ஓமலூர் பஸ் விடிவதற்கு முன்னாலேயே கிடைக்கும்.